அறையும் ஒரு வாத்தியம்

ஊர்விட்டு வந்து பெருநகரங்களில் வாழும் நம் குடும்பங்களில், பாட்டும் வாத்தியமும் பயின்ற பிள்ளைகள் பலர் இக்காலத்தில் வீட்டின் ஓர் அறையையே ஒலிப்பதிவுக் கூடமாக ஆக்கிக்கொள்கின்றனர். கம்ப்யூட்டரும் இரண்டு ஸ்பீக்கர்களும் போதுமென்று அவர்கள் எண்ணுகின்றனர். அறையும் ஒரு வாத்தியமே; அது சுருதி சேராவிடில், குரலையும் வாத்தியங்களையும் அளவறிந்து கலக்கும் மிக்ஸிங் வேலை கெட்டுப்போகும் என்பதை இம்மாதம் எடுத்துரைக்க விரும்புகிறோம்.

ஸ்பீக்கரினின்று புறப்படும் ஒலி நேரே செவியை அடைவதோடு நிற்பதில்லை. சுவரிலும் கூரையிலும் மோதிச் சற்றுப் பிந்தியும் வந்து சேர்கிறது. எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே தாழ்ந்த ஒலிகள் சில ஓரிடத்தில் பெருகியும் வேறோரிடத்தில் மங்கியும் நிற்கும். 10 அடி நீளமுள்ள அறையில் ஏறக்குறைய 56 ஹெர்ட்ஸ் ஒலி இவ்வாறு நிலைகொள்ளும். அது பெருகுமிடத்தில் அமர்ந்து, முழக்கம் மிகுதியென்று குறைத்தவர், அதே பாட்டைப் பிறர் வீட்டில் கேட்கையில் அது வெறுமையாய் ஒலிப்பதைக் காண்பார். பல நாள் உழைப்பு வீணாகும். குற்றம் அவர் செவியினுடையதன்று, அறையினுடையது.

இதற்குப் பரிகாரம் புதிதன்று. 1895-ஆம் ஆண்டில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில், பேச்சே விளங்காதபடி எதிரொலித்த விரிவுரை மண்டபமொன்றைச் சீர்செய்யும் பணி வாலஸ் சபைன் என்னும் பௌதிக ஆசிரியரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் வேறொரு அரங்கின் இருக்கை மெத்தைகளைக் கொணர்ந்து பரப்பி, மெத்தை மிக மிக எதிர்முழக்கம் விரைவில் அடங்குவதை அளந்து காட்டினார்.

முட்டை அட்டைகளும் மெல்லிய ஃபோம் பலகைகளும் உச்ச ஒலிகளையே சிறிது தணிக்கும். தாழ்ந்த முழக்கத்தைத் தொடா. சாதாரண ஃபோம் எளிதில் தீப்பற்றவும் கூடும். குறைந்தது 4 அங்குலக் கனமுள்ள ராக்வூல் பலகைகளை மரச்சட்டத்தில் பொருத்தித் துணியால் மூடி, முதலில் அறையின் மூலைகளில் நிறுத்துதல் நன்று. கையாளும்போது கையுறையும் முகமூடியும் அவசியம். பின்னர் ஒருவர் பக்கச் சுவரை ஒட்டிக் கண்ணாடியை நகர்த்திச் செல்ல, வேலை செய்யுமிடத்தில் அமர்ந்திருப்பவர்க்கு அதில் ஸ்பீக்கர் தென்படும் இடங்களிலும் ஒவ்வொன்று வைக்கவேண்டும். தரையில் நிற்கும் சட்டங்களாயின் வாடகை வீட்டுச் சுவரில் ஆணியடிக்க வேண்டுவதில்லை. வீடு மாறுகையில் உடன் கொண்டுசெல்லலாம்.

ஒன்றை மறத்தலாகாது. இவையாவும் அறைக்குள் ஒலியைத் தெளிவாக்குமேயன்றி, அண்டை வீட்டிற்குச் செல்லும் ஒலியைத் தடுக்கமாட்டா. அதற்குக் கனத்த சுவரும் இடைவெளியின்றிப் பொருந்தும் கதவும் வேண்டும். குடியிருப்புப் பகுதிகளில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல் என்பதே 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் வகுத்த வரம்பு. சுற்றத்தார் தொலைவிலிருக்க, ஆபத்துக்கு ஓடிவருபவர் அண்டை வீட்டாரே. அவர் உறக்கத்தைக் கெடுப்பது நமக்குத் தகாது. இரவில் ஹெட்போன் அணிந்து வேலை செய்வதே முறை.

விலையுயர்ந்த ஸ்பீக்கர் வேண்டுமென்று பிள்ளைகள் கேட்டால், அத்தொகையில் ஒரு பகுதியை முதலில் அறைக்குச் செலவிடுமாறு பெற்றோர் சொல்வார்களாக.