மூன்றாவது ஆள் வேண்டும்

"புருஷன் பொண்டாட்டி சண்டை. இன்னிக்கு அடிச்சுக்குவாங்க, நாளைக்குச் சேந்துக்குவாங்க. நடுவுல போனா நாமதான் கெட்டவங்க ஆவோம்." திருவண்ணாமலையில் எந்தத் தெருவிலும் இந்தப் பேச்சைக் கேட்கலாம். படிக்காதவர் சொல்வதைப் படித்தவர் இன்னும் நயமாகச் சொல்வார். மாமியார் சொல்வார், பெற்ற தாயே சொல்வார். புகார் கொடுக்க வந்த பெண்ணிடம் காவல் நிலையத்திலும் சொல்லப்படுவதுண்டு. இது பொய். பல பெண்களின் உயிரைக் குடித்த பொய். அனுபவ அறிவு என்ற பெயரில் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வருவதால்தான் இதை எதிர்த்து எழுத வேண்டியிருக்கிறது.

இந்த ஊரில் இதற்குச் சாமியையே சாட்சிக்கு அழைப்பார்கள். தை இரண்டாம் நாள், மாட்டுப் பொங்கலன்று, திருவூடல் தெருவில் அண்ணாமலையாருக்கும் உண்ணாமுலை அம்மனுக்கும் ஊடல். பிருங்கி முனிவர் அம்மனை விட்டுவிட்டுச் சுவாமியை மட்டும் வணங்கினார், அதில் அம்மனுக்குக் கோபம் என்பது ஊர் சொல்லும் கதை. தம்பதியாக நின்று இதைத் தரிசித்தால் வீட்டுச் சண்டை தீரும் என்று நம்பிக் கூட்டம் கூடும். அந்த நம்பிக்கையோடு எனக்கு வழக்கில்லை. ஆனால் உதடு வீங்கிப் பிறந்த வீட்டுக்கு வந்த மகளிடம், "சாமிக்கே சண்டை வருது, மனுஷங்களுக்கு வராதா" என்று சொல்லி, மறுபடி அதே வீட்டுக்குப் பஸ் ஏற்றி விடுகிறார்களே, அதோடு வழக்கிருக்கிறது.

அந்த விழாவில் நடப்பதைக் கவனித்துப் பார்த்தவர் அப்படிச் சொல்ல மாட்டார். சண்டை நாலு சுவருக்குள் நடப்பதில்லை. நடுத்தெருவில், ஊரே பார்க்க நடக்கிறது. சமாதானம் பேச சுந்தரமூர்த்தி நாயனார் இருவருக்கும் இடையே தூது போகிறார். மூன்றாவது ஆள் குறுக்கே வந்துவிட்டார் என்று அவரை யாரும் ஏசவில்லை. சமாதானம் ஆகாத அம்மன் கோயிலுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். வீடு அவளிடம் இருக்கிறது. இரவு வெளியே, குமரக்கோயிலில், தங்குகிறவர் சுவாமி. மறுநாள் மலையைச் சுற்றி வந்த பிறகுதான் மறுவூடல் என்ற சமாதானம். இந்தக் கதை முழுவதிலும் ஒரு கை ஓங்கவில்லை, ஒரு நகை பிடுங்கப்படவில்லை, அவளை யாரும் "பொறுத்துப் போ" என்று அதட்டவில்லை. அடிக்கிறவனுக்குச் சாதகமாக இந்த விழாவை எடுத்துப் பேசுவது உண்ணாமுலை அம்மனுக்குச் செய்யும் அவமரியாதை.

ஊடல் சமமானவர்களுக்குள் வருவது. ஒருவர் முகம் திருப்பிக்கொள்ளலாம், மற்றவர் கெஞ்சலாம், நாளை இடம் மாறலாம். அடி எப்போதும் ஒரே பக்கமிருந்து ஒரே பக்கத்துக்குத்தான் போகிறது. அவன் காலடிச் சத்தம் கேட்டதும் பிள்ளைகள் பேச்சை நிறுத்துகிற வீட்டில் நடப்பதற்கு ஊடல் என்று பேர் வைக்கக் கூடாது. "குடிச்சாத்தான் அப்படி, மத்தபடி தங்கமான ஆளு" என்பார்கள். எவ்வளவு குடித்தாலும் அவன் மேஸ்திரியை அடிப்பதில்லை, கடன் கொடுத்தவரை அடிப்பதில்லை. திருப்பி அடிக்க முடியாதவள் யார் என்பது போதையிலும் அவனுக்குத் தெரிகிறது.

இது எங்கோ சில வீடுகளில் நடப்பது என்று தள்ளிவிட முடியாது. 2019-21இல் எடுத்த ஐந்தாவது தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் மணமான 18 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 38 பேர் கணவனின் கையால் வன்முறையை அனுபவித்தவர்கள். இந்திய சராசரி 29தான். படிப்பில், மருத்துவத்தில், பெண்கள் வேலைக்குப் போவதில் முன்னே நிற்கிறோம் என்று பெருமைப்படும் மாநிலம் இதில் நாட்டின் சராசரியைவிட மோசமாக இருக்கிறது. அதே கணக்கெடுப்பு இன்னொன்றும் சொல்கிறது: உடல் வன்முறையோ பாலியல் வன்முறையோ அனுபவித்த இந்தியப் பெண்களில் நூற்றுக்கு 77 பேர் யாரிடமும் உதவி கேட்கவில்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை. சொன்னால் என்ன பதில் வரும் என்பது அவர்களுக்கு முன்பே தெரியும். அந்தப் பதிலைத் தயாரித்து வைத்திருப்பவர்கள் நாம்.

சட்டம் நம்மைவிட முன்னே போய்விட்டது. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005இல் நிறைவேறி, 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 4ஆம் பிரிவை ஒவ்வொரு தெருமுனையிலும் எழுதி வைக்க வேண்டும். ஒரு வீட்டில் பெண் வன்முறைக்கு ஆளாகிறாள் என்று நம்புவதற்குக் காரணம் உள்ள எவரும், பக்கத்து வீட்டுக்காரரோ பள்ளி ஆசிரியரோ பால்காரரோ, இந்தச் சட்டப்படி நியமிக்கப்பட்ட பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் சொல்லலாம். நல்லெண்ணத்தோடு சொன்னவர் மீது சிவில் வழக்கும் கிடையாது, குற்ற வழக்கும் கிடையாது. மூன்றாவது ஆள் வரக்கூடாது என்று ஊர் சொல்கிறது. வரச் சொல்லி, வந்தவருக்குக் காவலும் கொடுக்கிறது சட்டம்.

"கேஸ் போட்டா புருஷன் ஜெயிலுக்குப் போயிடுவான், அப்புறம் குடும்பம் ஏது" என்பது அடுத்த பயமுறுத்தல். இந்தச் சட்டத்தின்படி மனுப் போட்டதும் யாரும் சிறைக்குப் போவதில்லை. மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் கேட்பது பாதுகாப்பு உத்தரவு, குடியிருப்பு உத்தரவு, செலவுக்குப் பணம், பிள்ளைகள் பொறுப்பு, இழப்பீடு. அடிக்காதே, வேலை செய்யும் இடத்துக்கு வந்து கலாட்டா செய்யாதே, அவள் நகையைத் திருப்பிக் கொடு என்று நீதிபதி சொல்கிறார். பாதுகாப்பு உத்தரவை மீறினால்தான் ஓராண்டு வரை சிறை, இருபதாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சிறைக்கு அனுப்பவும் மனமில்லாமல், அடி வாங்கவும் முடியாமல் தவிக்கும் பெண்ணுக்காகவே எழுதப்பட்ட சட்டம் இது. கொடுமைக்காகத் தண்டனை கேட்க விரும்பினால் அது தனி வழி. இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 1983இல் வந்த 498ஏ பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 85, 86ஆம் பிரிவுகளாக இருக்கிறது.

வீட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பெண்ணை வாய் மூட வைக்கும் ஆயுதங்களில் பெரியது "இது என் வீடு, வெளியே போடி" என்பதுதான். வீடு மாமனார் பெயரில் இருந்தால் மருமகளுக்கு அங்கே தங்க உரிமையில்லை என்று உச்ச நீதிமன்றமே 2006இல் ஒரு தீர்ப்பில் சொல்லியிருந்தது. பதினான்கு ஆண்டுகள் பெண்கள் அந்தத் தீர்ப்பைக் காட்டி வெளியே தள்ளப்பட்டார்கள். 2020 அக்டோபர் 15 அன்று நீதிபதி அசோக் பூஷண் தலைமையிலான மூன்று நீதிபதிகள் அமர்வு அது தவறு என்றது. கணவனின் உறவினருக்குச் சொந்தமான வீடானாலும், அவள் குடும்பமாக நிலைத்து வாழ்ந்த வீடு என்றால் அது சட்டம் சொல்லும் 'பகிர்ந்து வாழ்ந்த வீடு'தான். அங்கே தங்கும் உரிமையை அவள் கோரலாம். பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்பது முடிவான கேள்வி இல்லை. தேவைப்பட்டால் வீட்டை விட்டு விலகி இருக்கும்படி கணவனுக்கு உத்தரவிடவும் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19ஆம் பிரிவு நீதிபதிக்கு அதிகாரம் தருகிறது. கதவு அவள் கையில் என்று தை இரண்டாம் நாள் கோயில் காட்டுவது, இந்தச் சட்டத்தில் பிரிவு எண்ணோடு இருக்கிறது.

அடி மட்டும்தான் வன்முறை என்று எண்ணுபவர்கள் 3ஆம் பிரிவைப் படிக்க வேண்டும். சம்பளத்தைப் பிடுங்குவது, நகையைக் கேட்காமல் அடகு வைப்பது, செலவுக்குக் கொடுக்காமல் காய வைப்பது எல்லாம் பொருளாதார வன்முறை. 2023 செப்டம்பரிலிருந்து மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் வருகிறது. அந்த ஏடிஎம் அட்டை எத்தனை வீடுகளில் கணவனின் சட்டைப் பையில் இருக்கிறது? மனைவியின் விருப்பமில்லாத பாலியல் உறவைத் தண்டனைச் சட்டம் இன்னும் பாலியல் வல்லுறவாக ஏற்கவில்லை. அது நாட்டின் வெட்கம். ஆனால் 2005ஆம் ஆண்டுச் சட்டம் அதை வன்முறை என்றே கணக்கில் எடுக்கிறது.

"பொறுத்துப் போ" என்ற அறிவுரை நீதிமன்றம் வரை பின்தொடர்ந்து வருகிறது. கை முறிந்து அரசு ஆஸ்பத்திரிக்குப் போகிறவள், பக்கத்தில் மாமியார் நிற்க, "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்" என்கிறாள். விபத்துப் பதிவேட்டில் அதுவே எழுதப்படுகிறது. இரண்டு வருடம் கழித்து அவள் வழக்குப் போடும்போது, அந்தப் பதிவேட்டின் நகலை நீட்டி, "அன்று வழுக்கி விழுந்தேன் என்று சொன்னாயே" என்று எதிர்த் தரப்பு வக்கீல் கேட்கிறார். குடும்ப மானத்துக்காகச் சொன்ன பொய் அவளுக்கு எதிரான சாட்சியாகிறது. பிறகு அதே ஊர் சொல்கிறது: "இந்தக் காலத்துப் பொம்பளைங்க பொய் கேஸ் போடுறாங்க."

பொய் வழக்குகள் இல்லவே இல்லை என்று நான் சொல்லவில்லை. நிலத் தகராறிலும் காசோலை வழக்கிலும் பொய் இருக்கிறது. அதற்காக அந்தச் சட்டங்களை யாரும் சந்தேகிப்பதில்லை. நூற்றுக்கு 77 பேர் வாயே திறக்காத நாட்டில், வாய் திறந்தவர்களைப் பொய்க்காரிகள் என்று முதலிலேயே முடிவு செய்வது அநியாயம். 498ஏ வழக்குகளில் முதல் தகவல் அறிக்கை பதிவான பிறகு இரண்டு மாதம் கைது கூடாது, குடும்ப நலக் குழு பேசிப் பார்க்கட்டும் என்று அலகாபாத் உயர் நீதிமன்றம் 2022இல் வகுத்த நெறிமுறையை 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றமும் ஏற்றது. உச்ச நீதிமன்றமே 2017இல் ஏற்படுத்தச் சொல்லி, 2018இல் வேண்டாம் என்று நீக்கிய குழுக்கள் இவை. புகார் கொடுத்துவிட்டுத் திரும்பும் பெண்ணுக்கு அந்த அறுபது இரவுகள்தான் மிக ஆபத்தானவை. அந்த முடிவு தவறு.

அரசும் தப்பிக்க முடியாது. மனு வந்த மூன்று நாளுக்குள் முதல் விசாரணை, அதிலிருந்து அறுபது நாளுக்குள் தீர்ப்பு என்கிறது 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12ஆம் பிரிவு. நடைமுறையில் வாய்தா மேல் வாய்தா. திருவண்ணாமலை மாவட்டத்தின் மக்கள்தொகை 2011 கணக்கிலேயே 24 லட்சத்தைத் தாண்டியது. ஜவ்வாது மலையின் ஜமுனாமரத்தூரிலிருந்தும் வந்தவாசியிலிருந்தும் ஒரு பெண் கலெக்டர் ஆபீஸ் வரை வந்துதான் பாதுகாப்பு அலுவலரைப் பார்க்க முடியும் என்றால் அது பாதுகாப்பு ஆகாது. வட்ட அளவில் பாதுகாப்பு அலுவலர்களை அடையாளம் கண்டு நியமியுங்கள் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்குக் கெடு வைத்தது. சட்டம் வந்து பத்தொன்பது ஆண்டு கழித்து இதை நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது.

காவல் நிலையம் பற்றியும் ஒரு வார்த்தை. 1992இல் சென்னை ஆயிரம் விளக்கில் தமிழகத்தின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் வந்தது பெரிய காரியம். ஆனால் "இனிமேல் அடிக்க மாட்டேன்" என்று வெள்ளைத் தாளில் எழுதி வாங்கிக்கொண்டு இருவரையும் ஒரே வண்டியில் வீட்டுக்கு அனுப்பும் வழக்கம் அங்கும் படிந்துவிட்டது. அந்தத் தாளுக்குச் சட்டத்தில் பாதுகாப்பு உத்தரவின் பலம் கிடையாது. 5ஆம் பிரிவின்படி, இந்தச் சட்டத்தில் அவளுக்கு என்னென்ன உரிமை உண்டு என்பதைச் சொல்வது காவல் அதிகாரியின் கடமை. சேர்த்து வைப்பதற்கு முன் அதைச் செய்யட்டும்.

செங்கம், தண்டராம்பட்டுப் பக்கமிருந்து பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகும் குடும்பங்கள் ஏராளம். அங்கே அடிபட்டு இங்கே தாய் வீட்டுக்கு வந்த பெண், வழக்குக்காக மறுபடி பெங்களூருக்கு ஓட வேண்டியதில்லை. அவள் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரின் நீதிமன்றத்திலேயே மனுப் போடலாம் என்கிறது 27ஆம் பிரிவு. வக்கீலுக்குப் பணமில்லையே என்ற கவலையும் வேண்டாம். எந்தப் பெண்ணுக்கும், வருமானம் பாராமல், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் வைத்துத் தர வேண்டும் என்பது 1987ஆம் ஆண்டுச் சட்டம்.

பக்கத்து வீட்டில் இன்று இரவு பாத்திரம் உருளும் சத்தத்தோடு ஒரு பெண்ணின் அலறலும் கேட்டால், டிவி சத்தத்தைக் கூட்டாதீர்கள். போய்க் கதவைத் தட்டுங்கள். தட்டத் துணிவில்லை என்றால் 181க்கு அழையுங்கள். அது பெண்களுக்கான உதவி எண். சட்ட உதவிக்கு 15100. மகள் அடிபட்டு வந்தால் பஸ் ஏற்றி அனுப்பாதீர்கள். முதலில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், எப்படி அடிபட்டது என்பதை உள்ளபடி எழுதச் சொல்லுங்கள்.