கண்ணாடிக்கு இந்தப் பக்கம்



குளிர்காலம் தொடங்கிவிட்டால் கனடா வாசகர்களிடமிருந்து ஒரே கேள்வி விதவிதமாக வரும்: "மகள் ஐஸ் ஹாக்கியில் சேர்ந்திருக்கிறாள். எடுக்கிற படமெல்லாம் கலங்கலாக, சாம்பல் பூத்து வருகிறது. வேறு கேமரா வாங்கட்டுமா?" அவசரப்படாதீர்கள். கையில் இருப்பதை வைத்தே தொடங்கலாம். முதலில் அரங்கத்தைப் படித்துக்கொள்ளுங்கள்.

சாம்பல் பூப்பதற்குக் காரணம் பனித்தளம். கேமராவின் ஒளிமானி எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பலாக எண்ணியே அளக்கும். எதிரே முழு வெள்ளை இருந்தால் வெளிச்சம் அதிகம் என்று குறைத்துவிடும். ஹெல்மெட்டுக்குள் இருக்கும் முகமும் சேர்ந்து இருண்டுபோகும். எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை முக்கால் ஸ்டாப், ஒரு ஸ்டாப் ஏற்றிப் பாருங்கள். பனி வெளுக்கும், முகம் துலங்கும்.

கலங்கலுக்குக் காரணம் வேகம். ஷட்டர் 1/500 நொடிக்குக் கீழே இறங்க வேண்டாம். 1/1000 கிடைத்தால் இன்னும் நல்லது. அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து, ஐஎஸ்ஓவை 3200, 6400 என்று தயங்காமல் ஏற்றுங்கள். படத்தில் புள்ளி தெறித்தால் பொறுத்துக்கொள்ளலாம். அசைந்து கரைந்த முகத்தை மீட்க வழியில்லை. ஃப்ளாஷ் மட்டும் கூடாது. பனித்தளத்தைச் சுற்றியுள்ள கண்ணாடியில் பட்டு நம்மிடமே திரும்பும், கோல் காப்பவரின் கண்ணையும் கூசவைக்கும்.

சில அரங்குகளில் அடுத்தடுத்த படங்களே நிறம் மாறி வரும். கனடாவில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ் என்பதால் பழைய வகை விளக்குகள் நொடிக்கு 120 முறை மங்கிப் பிரகாசிக்கின்றன. கேமராவில் ஆன்டி ஃப்ளிக்கர் வசதி இருந்தால் போட்டுவிடுங்கள்.

இனி கண்ணாடி. பக் (ஆட்ட வட்டு) அடித்த கறுப்புத் தடமும் கீறலும் இல்லாத இடமாக, ஆட்டத்துக்கு முந்தைய பயிற்சி நேரத்திலேயே தேடி வையுங்கள். லென்ஸைச் சாய்க்காமல் நேராகக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்தால் பிரதிபலிப்பு மறையும். வீரர்கள் வந்து மோதும்போது கண்ணாடி அதிரும். ரப்பர் ஹுட் போட்டிருந்தால் லென்ஸுக்கு ஆபத்து குறையும்.

பனியரங்கில் படம் எடுப்பது அந்தக் காலத்தில் இதைவிடப் பெரும்பாடு. மான்ட்ரியலின் விக்டோரியா ரிங்கில்தான் 1875 மார்ச் 3 அன்று, முன்கூட்டியே அறிவித்து நடத்திய முதல் உள்ளரங்க ஹாக்கி ஆட்டம் நடந்தது. அதே ரிங்கில் 1870இல் நடந்த பனிச்சறுக்குத் திருவிழாவை புகைப்படக் கலைஞர் வில்லியம் நாட்மன் படமாக்கிய விதம் வேடிக்கையானது. அசைகிற கூட்டத்தை உள்ளரங்க வெளிச்சத்தில் பிடிக்க அன்றைய கேமராவால் ஆகாது. ஒவ்வொருவரையும் ஸ்டூடியோவுக்கு வரவழைத்துத் தனித்தனியாக எடுத்து, வெட்டி ஒட்டி, ஒரே படமாக்கினார். நமக்கு அந்தப் பாடு இல்லை.

ஆனாலும் எங்கே உட்காருவது என்பதைக் கேமரா சொல்லாது. 1970 மே 10, பாஸ்டன் கார்டன் அரங்கு. ஸ்டான்லி கோப்பையின் கடைசி ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போனது. பத்திரிகைப் படக்காரர் ரே லூசியே, பாஸ்டன் அணி கோல் போடப்போகும் பக்கம் எது என்று பார்த்து, அங்கே காலியாகக் கிடந்த ஒரு ஸ்டூலில் போய் உட்கார்ந்தார். கூடுதல் நேரம் தொடங்கிய 40 நொடியில் அந்த அணியின் பாபி ஓர் கோலடித்து, கால் இடறிவிடப்பட்டு, கைகளை விரித்தபடி காற்றில் பறந்தார். ஹாக்கி உலகின் மிகப் புகழ்பெற்ற படம் அப்படித்தான் கிடைத்தது.

ஆகவே பக்கைத் துரத்தாதீர்கள். ஆட்டத்தைக் கற்றுக்கொண்டு, பக் வரும் இடத்தில் காத்திருங்கள். கோல் விழுந்ததும் கேமராவை இறக்கிவிடாதீர்கள். பிள்ளைகள் கட்டிப்பிடித்துக் கூத்தாடுவது அதன் பிறகுதான்.

எடுத்ததில் பிடித்த ஒரு படத்தை எங்களுக்கு அனுப்புங்கள். அதில் மற்றப் பிள்ளைகளின் முகம் தெரிந்தால், அவர்களுடைய பெற்றோரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்