அடியை ஆதரிக்கிறார்களா நம் பெண்கள்?

கணவன் அடிப்பதைப் பெண்களே நியாயமென்று ஒப்புக்கொள்ளும்போது, மற்றவர்களுக்கும் சட்டத்துக்கும் அங்கே என்ன வேலை என்ற வாதம், படித்தவர்களிடையே இப்போது புள்ளிவிவரத்தைத் துணைக்கு அழைத்துக்கொண்டு உலவுகிறது. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் இந்தியப் பெண்களில் நூற்றுக்கு 45 பேர் அவ்வாறு சொன்னது மெய்தான். அதிலிருந்து செய்யப்படும் அனுமானம்தான் பொய்.

கேள்வியைப் பாருங்கள். சொல்லாமல் வெளியே போவது, குழந்தைகளைக் கவனியாதது, எதிர்த்துப் பேசுவது, சமையல் சரியில்லாதது, மாமனார் மாமியாரை மதியாதது முதலான ஏழு காரணங்களை அடுக்கி, ஏதேனும் ஒன்றுக்கு "ஆம்" என்றவளையும் ஆதரிப்பவள் கணக்கிலேயே சேர்த்தார்கள். பிறந்தது முதல் காதில் விழுந்த ஊர் நியாயத்தை ஒப்பித்தவளை அந்த நியாயத்தின் கர்த்தாவாகவே ஆக்கிவிடுவது விசித்திரமான தர்க்கம்.

இது ஸ்திரீகளின் சுபாவம், மாறாது என்பார்கள். அதே கணக்கில் ஆண்கள் 44 பேர்! அதற்கு முந்தைய 2015–16 கணக்கில் பெண்கள் 52, ஆண்கள் 42. அதாவது பெண்கள் மாறிக்கொண்டிருக்க, ஆண்கள்தாம் இரண்டு படி பின்னுக்குப் போயிருக்கிறார்கள். தெலங்கானாவில் 84 பெண்கள் சொன்னதை இமாசலப் பிரதேசத்தில் 15 பேரே சொன்னார்கள். சுபாவம் மாநில எல்லை பார்த்தா மாறும்?

வாய் திறவாமல் பொறுத்ததே சம்மதம் என்பது மற்றொன்று. வன்முறைக்கு ஆளானவர்களில் உதவி நாடியவர்கள் நூற்றுக்கு 14 பேரே என்பது உண்மை. குமணன்சாவடி நிறுத்தத்தில் மாலையில் மாங்காடு பஸ்ஸுக்குக் காத்திருக்கும் கூட்டத்தில், "ஸ்டேஷனுக்குப் போனா ஹவுஸ் ஓனரு காலி பண்ணச் சொல்லிடுவாருக்கா, அட்வான்ஸும் எம் புருஷன் பேர்லதான் இருக்கு" என்று ஒருத்தி மற்றொருத்தியிடம் சொல்வாளானால், அதில் நியாயாநியாய விசாரணை ஏதுமில்லை. பிள்ளைகளோடு இன்றிரவு படுக்க இடம் எது என்ற கணக்கே இருக்கிறது. அம்மா வீடு என்பது எல்லாருக்கும் திறந்த வீடல்ல.

அந்தக் கணக்கை அறிந்தே, 2006 அக்டோபர் 26 முதல் அமலில் உள்ள குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, வீடு யார் பெயரில் இருந்தாலும் குடியிருந்த வீட்டில் தொடர்ந்து வசிக்கும் உரிமையை மனைவிக்கு அளிக்கிறது. அடி நியாயமா என்று அச்சட்டம் அவளிடம் கேட்பதில்லை. இதைப் படிப்பவர்கள் அந்தப் பிரிவையும், இரவு பகலாக இயங்கும் 181 என்ற எண்ணையும் தெரிந்த நாலு பெண்களுக்குச் சொல்லுங்கள்.