பழைய பாட்டும் புதிய பகையும்

“அந்தக் காலம் போல் வருமா?”

நாடெங்கும் இன்று கேட்கும் பெருமூச்சு இது. திருவண்ணாமலையில், செங்கம் சாலையில், ரமணாசிரமத்தைச் சுற்றியுள்ள தேநீர்க் கடைகளில் நாள்தோறும் கேட்கலாம். கைபேசித் திரையில் பழைய படப்பாடல் ஒன்று ஓடுகிறது. வெள்ளிக்கிழமை மாலைகளில் சென்னைத் தொலைக்காட்சி ‘ஒலியும் ஒளியும்’ காட்டிய நாட்களில், தொலைக்காட்சிப் பெட்டி இருந்த ஒரு வீட்டின் முன்னே தெருவே திரண்டு பார்த்த பாடல் அது. பார்ப்பவர் கண் பனிக்கிறது. இனிமைதான், யார் மறுத்தார்? பாட்டை நேசிப்பவரைப் பழிப்பதற்காக நாம் எழுதுகோல் எடுக்கவில்லை.

பாட்டு முடிந்த பிறகு பேச்சுத் தொடங்குகிறதே, அதுதான் நம்மை எழுத வைக்கிறது. “அன்று பாட்டும் நம்முடையது, ஊரும் நம்முடையது. இன்று பாருங்கள்! பலகையிலே தெலுங்கு, கட்டடத்திலே பீகாரி, உணவகத்திலே ஒடியாக்காரன். நம் ஊரில் நாமே அந்நியர்!” என்கிறார்கள். பாட்டிலே பிறந்த பெருமூச்சு, பாட்டாளி மீது பகையாகப் போய் முடிகிறது. படித்த இளைஞர்களும் இதைப் பேசுகிறார்கள். தமிழ்ப்பற்று என்று இதற்குப் பெயரும் சூட்டுகிறார்கள். அந்தப் பெயர் இதற்குப் பொருந்துமா என்று பார்ப்போம்.

‘நம்முடைய’ பழைய பாட்டைப் பாடியவர்கள் யார், தோழர்களே?

பி. சுசீலா விசயநகரத்தில் பிறந்தவர். எஸ். ஜானகி குண்டூர்ப் பகுதியைச் சேர்ந்தவர். பி. பி. ஸ்ரீநிவாஸ் காக்கிநாடாவிலிருந்து வந்தவர். எஸ். பி. பாலசுப்பிரமணியத்துக்குத் தாய்மொழி தெலுங்கு. யேசுதாஸ் கொச்சிக்காரர், சித்ரா திருவனந்தபுரத்துப் பெண். மெல்லிசை மன்னர் எம். எஸ். விசுவநாதன் பாலக்காட்டுப் பக்கத்து எலப்புள்ளியில் பிறந்தவர். தமிழ்க் குரலின் இலக்கணமே இவர்தான் என்று நாம் கொண்டாடும் டி. எம். சௌந்தரராசன், மதுரையில் சௌராட்டிர மொழி பேசும் குடும்பத்தில் தோன்றியவர். கிராமத்துக் குரல் என்று நாம் உருகும் மலேசியா வாசுதேவன், பெயரே சொல்வதுபோல், கடல் கடந்து வந்தவர். 1988இல் ‘சத்யா’ படத்துக்காகத் தமிழில் பாடிய லதா மங்கேஷ்கர் மராட்டியக் குடும்பத்தவர்.

இவர்களையெல்லாம் எல்லையிலே நிறுத்தி, “எந்த ஊர், எந்த மொழி?” என்று கேட்டுத் திருப்பி அனுப்பியிருந்தால், இன்று கண் பனிப்பதற்கு உங்களிடம் பாட்டு ஏது? வந்தவர்களைத் தமிழ் விரட்டவில்லை. எழுதிக்கொடுத்துப் பாட வைத்தது. லகரமும் ளகரமும் ழகரமும் கற்பித்தது. அவர்களும் கற்றார்கள், நம்மிலே பலரைவிடத் திருத்தமாக ஒலித்தார்கள். பாலசுப்பிரமணியம் 2020இல் மறைந்தபோது அவர் உடல் திருவள்ளூர் மாவட்டத்துத் தாமரைப்பாக்கத்தில், தமிழ்நாட்டரசின் காவல்துறை மரியாதையோடு அடக்கம் செய்யப்பட்டது. அன்று “இவர் வந்தேறி” என்று எவர் சொன்னார்? சொல்லியிருந்தால் ஊர் அவரை என்ன செய்திருக்கும்?

பாடியவரை விடுங்கள், பாட்டு வந்த வழியைப் பாருங்கள். 1952இல் மத்திய அமைச்சராக வந்த பி. வி. கேஸ்கர், சினிமாப் பாட்டு பாரதப் பண்பாட்டைக் கெடுக்கிறது என்று கருதினார். அகில இந்திய வானொலியிலிருந்து அது ஏறக்குறைய வெளியேற்றப்பட்டது. மக்கள் என்ன செய்தார்கள்? வானொலிப் பெட்டியின் முள்ளைத் திருப்பி இலங்கை வானொலியைப் பிடித்தார்கள்! நம் வீட்டுப் பாட்டைக் கடலுக்கு அப்பாலிருந்து வந்த ஒலியிலே கேட்டார்கள். 1957இல் ‘விவித் பாரதி’யைத் தொடங்கித் தில்லியே இறங்கி வர நேர்ந்தது. அதற்கு முன்பே, 1940இல், ஆர்மோனியம் அயல்நாட்டுக் கருவி என்று வானொலியிலிருந்து விலக்கப்பட்டது. 1971 வரை அந்தத் தடை நீடித்தது. ஆனால் நம் மாவட்டத்துப் புரிசையில் தெருக்கூத்துப் பாருங்கள். விடிய விடியப் பாடும் கூத்தருக்குப் பக்கத்துணை அதே ஆர்மோனியம்தான்! அதைக் கூத்திலிருந்து பிரித்து எடுத்துவிட்டு, “இதுதான் தூய கூத்து” என்று காட்ட எவரால் முடியும்?

தமிழில் ‘பொப்பிசை’ என்று ஒன்று 1970களில் புகழ் பெற்றதே, அதன் பிறப்பையும் கேளுங்கள். அதை வளர்த்தவர்கள் ஈழத்துத் தமிழர்கள். நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’யும், சிலோன் மனோகர் என்று நாம் அழைத்த ஏ. ஈ. மனோகரனின் ‘சுராங்கனி’யும் நம் கல்லூரி விழாக்களையெல்லாம் ஆட வைத்தன. ‘சுராங்கனி’யில் ஒலிப்பது சிங்களம், அதன் தாளம் பைலா, அந்தப் பைலாவோ போர்த்துக்கேயராலும், அவர்கள் கொண்டுவந்த ஆப்பிரிக்கராலும் இலங்கைக் கரையில் உருவானது. மூன்று கண்டங்கள் கலந்த ஒன்றை வைத்துக்கொண்டு, “கலப்பில்லாத காலம் அது” என்று கண்ணீர் வடிப்பதைவிட வேடிக்கை வேறு உண்டா?

“பாட்டு வேறு, ஊர் வேறு” என்பீர்கள். நல்லது, ஊருக்கே வருவோம்.

அண்ணாமலையார் கோயிலில் ஒரு கோபுரத்துக்கு வல்லாள கோபுரம் என்று பெயர். வல்லாளன் யார்? 14ஆம் நூற்றாண்டில் திருவண்ணாமலையைத் தலைநகராக்கி இருந்த போசள மன்னன், கன்னட நாட்டவன். ஆண்டுதோறும் மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டில் இறைவனே மகனாக நின்று அவனுக்கு நீத்தார் கடன் செய்வதாக விழா நடக்கிறது. புராணத்தை நாம் நம்புவதில்லை. ஆனால் அந்தப் புராணம் சொல்லும் செய்தியைக் கவனிக்கிறோம். வெளியிலிருந்து வந்தவனைத் தந்தையாக ஏற்றுக்கொண்ட ஊர் இது. 217 அடி உயர இராசகோபுரத்தைத் தொடங்கியவர் விசயநகரத்துக் கிருட்டிணதேவராயர்.

ரமணரும் இவ்வூரில் பிறந்தவரல்லர். திருச்சுழியில் பிறந்து, மதுரையில் படித்துக்கொண்டிருந்த பதினாறு வயதுச் சிறுவனாக, வீட்டிற்குச் சொல்லாமல் புறப்பட்டு, 1896 செப்டம்பர் 1ஆம் நாள் இங்கே வந்திறங்கியவர். 1934இல் பால் பிரண்டன் என்ற ஆங்கிலேயர் எழுதிய நூல் அவரை மேல்நாடுகளில் அறிமுகம் செய்தது. அன்று தொடங்கி வெள்ளையர் வருகிறார்கள், தங்குகிறார்கள், ஆசிரமத்தைச் சுற்றிய தெருக்களில் வாடகைக்குக் குடியிருக்கிறார்கள். இதே பகுதியில் இன்னொரு ஆசிரமம் யோகி ராம்சுரத்குமாருடையது. கங்கைக் கரையில் பிறந்து, 1959இல் இங்கே வந்து, கையில் விசிறியும் கொட்டாங்கச்சியுமாகத் தெருவிலே திரிந்த வடநாட்டுக்காரர் அவர். ஊர் அவரை ‘விசிறி சாமியார்’ என்று அன்பாக அழைத்தது. 2001இல் மறைந்த பின்பும் வணங்குகிறது.

இப்போது கேட்கிறோம், பதில் சொல்லுங்கள். காவியின்றிக் கந்தையோடு, கொட்டாங்கச்சியோடு வந்த வடநாட்டவர் சாமி. அதே கங்கைக் கரையிலிருந்து கரண்டியோடும் மட்டப்பலகையோடும் வந்து உங்கள் மாடிக்குத் தளம் போடுகிறவன் மட்டும் ‘வடக்கன்’. இது எந்த நியாயம்? தமிழில் ஒரு சொல்லும் அறியாத வெள்ளையருக்கு வீடு உண்டு, வணக்கம் உண்டு, ஆங்கிலத்தில் எழுதிய உணவுப் பட்டியலும் உண்டு. ‘தண்ணீர்’, ‘சாப்பாடு’, ‘சம்பளம்’ என்று மூன்று தமிழ்ச் சொற்களைக் கற்றுக்கொண்ட கூலிக்காரனைக் கண்டால் மட்டும் பண்பாடு அழிகிறதா? அழிவது பண்பாடன்று! வந்தவனிடம் பணம் இருந்தால் விருந்தினன்; பணம் இல்லையேல் வந்தேறி. இந்தக் கணக்குக்கு இனப்பற்று என்று பெயர் வைக்காதீர்கள்.

தெலுங்குப் பலகையை எழுதி மாட்டியவர் யார்? கிரிவலம் வரும் ஆந்திரத்து அடியார்களா? இல்லை, அவர்கள் காசை எதிர்பார்க்கும் விடுதி முதலாளி. கடைப் பெயர்ப்பலகையில் தமிழுக்கே முதலிடம் என்று தமிழ்நாட்டில் விதி இருக்கிறது. அதை அவரிடம் கேளுங்கள். நாமும் உடன் வந்து கேட்கிறோம். அதைக் கேட்க அஞ்சுகிறவர்கள், எச்சில் இலை எடுக்கும் ஒடியாப் பையனிடம் வீரத்தைக் காட்டுகிறார்கள்!

“1938இலும் 1965இலும் இந்தியை எதிர்த்தவர்கள் அல்லவா நாம்?” என்று சிலர் வினவுவர். ஆம், எதிர்த்தோம், இன்னும் எதிர்ப்போம். ஆனால் எதை? ஆட்சிப் பீடத்திலிருந்து இறங்கிய ஆணையை எதிர்த்தோம். தேர்வுக்கும் பதவிக்கும் ஒரு மொழியை வாயிலாக்கி மற்றவரை வெளியே நிறுத்திய சூழ்ச்சியை எதிர்த்தோம். 1943இல் தமிழிசை மாநாடு கூடியபோதும், தெலுங்கு பேசுவோரை ஊரைவிட்டு ஓட்டவேண்டும் என்று கூடவில்லை. தமிழ்நாட்டுச் சபாக்களிலே தமிழ்ப் பாட்டுக்கு மேடை வேண்டும் என்றே கூடியது. ஆதிக்கம் வேறு, அடுப்பெரியப் பிழைப்புத் தேடி வருவது வேறு. பீகாரிலிருந்து முன்பதிவற்ற பெட்டியில் நின்றுகொண்டே வருகிறவன் இந்தித் திணிப்பின் படைவீரன் அல்லன். அந்த ஆட்சி அவனுக்கும் சோறு போடவில்லை. அதனால்தானே அவன் இங்கு நிற்கிறான்!

அயலூரில் கூலியாக நிற்பதென்றால் என்ன என்பது தமிழனுக்கா தெரியாது? இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்த நம் மக்களை 1948இல் ஒரு சட்டம் நாடற்றவர்களாக்கியது. 1964 ஒப்பந்தம் 5,25,000 பேரைச் சரக்கு மூட்டைகளைப் போல் இந்தியாவின் கணக்கில் எழுதியது. 1966இல் பம்பாயில் சிவசேனை தோன்றியது. “வேலையைத் தென்னாட்டான் பறிக்கிறான்” என்பதுதான் அன்று அதன் முழக்கம். அடி வாங்கியவர்களிலே தமிழர்களும் இருந்தார்கள். அவ்வளவு தொலைவு போவானேன்? 2015 ஏப்ரல் 7ஆம் நாள், சேசாசலக் காட்டில் ஆந்திரக் காவல்துறை 20 பேரைச் சுட்டுக் கொன்றது. அவர்களில் பலர் நம் திருவண்ணாமலை மாவட்டத்தையும் தருமபுரி மாவட்டத்தையும் சேர்ந்த ஏழைகள். நாட்கூலிக்கு மரம் வெட்டப் போனவர்கள். வெட்டச் சொல்லிப் பணம் கொடுத்த பெரிய மனிதர் எவரும் அன்று அந்தக் காட்டில் விழுந்து கிடக்கவில்லை. அன்று நாம் கதறினோம்; “கூலிக்குப் போனவனுக்கு உயிர் இல்லையா?” என்று கேட்டோம். அதே கேள்வி இன்று நம் வாசலுக்கு வந்திருக்கிறது.

2023 மார்ச்சில் என்ன நடந்தது என்பதை மறக்க வேண்டா. தமிழ்நாட்டில் பீகாரிகளைக் கொல்கிறார்கள் என்று பொய்ப் படங்கள் கைபேசி வழியே வடக்கெங்கும் பரப்பப்பட்டன. பீகார் அரசின் குழு நேரிலே வந்து பார்த்தது, பொய் வெளிப்பட்டது. பொய்யைப் பரப்பியவர்கள் குற்றவாளிகள், ஐயமில்லை. ஆயினும், ‘வடக்கன்’ என்று நாம் நாள்தோறும் உமிழ்ந்த ஏளனம் இல்லாதிருந்தால், அந்தப் பொய் அத்தனை எளிதாகத் தொழிலாளர் நெஞ்சில் இறங்கியிருக்குமா?

“அவன் குறைந்த கூலிக்கு வருகிறான், உள்ளூர்க் கொத்தனாருக்கு வேலை போகிறதே!” என்பது ஒன்றுதான் இந்தப் பேச்சில் எடை உள்ள வாதம். அதை நாம் தட்டிக் கழிக்கவில்லை. உள்ளூர்ச் சித்தாளின் அடுப்பும் அணையத்தான் கூடாது. ஆனால் குறைந்த கூலியைக் கொடுப்பது யார்? ஒரே வேலைக்கு வெளி மாநிலத்தவனுக்கும் உள்ளூர்க்காரனுக்கும் கூலியிலே வேற்றுமை கூடாது என்று 1979இலேயே நாடாளுமன்றம் சட்டம் செய்தது. 2020இல் அது புதிய தொழிற்சட்டத் தொகுப்பிலே சேர்க்கப்பட்டது. கட்டடச் சாரத்திலே அதைச் செயற்படுத்தியவர் எத்தனை பேர்? வந்தவனுக்கு முழுக் கூலி கொடுக்கும்படி செய்தால், மலிவு என்பதற்காக அவனைத் தேடும் முதலாளிக்கு அந்த ஆசை அற்றுப்போகும். உள்ளூர்க்காரனின் கூலியும் சரியாது. இருவரையும் மோதவிட்டால் மிச்சம் பிடிப்பவர் ஒப்பந்தக்காரர். இந்தச் சிறு கணக்கு தெரியாமலா பட்டம் பெற்றோம்?

பள்ளியிலே பாடம் சொல்லும் நாம், முடிவாக ஒன்றைச் சொல்வோம். கட்டடத் தொழிலாளரின் பிள்ளைகள் நம் அரசுப் பள்ளிகளில் வந்து உட்காருகிறார்கள். ஆனா ஆவன்னா எழுதுகிறார்கள், குறள் ஒப்பிக்கிறார்கள். தமிழ் வாழுமா என்று அஞ்சுகிறவர்கள் அந்த வகுப்பறைகளுக்கு வந்து பார்க்கவேண்டும். சுசீலாவுக்கும் ஜானகிக்கும் வாய் திறந்த மொழி, இந்தக் குழந்தைகளுக்கும் திறக்கிறது. நம் வீட்டுப் பிள்ளையைத் தமிழே படிக்காதபடி ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, தமிழ் படிக்க வந்த அயலான் பிள்ளையைப் பார்த்து “மொழி போச்சே” என்று மூக்கைச் சிந்துவது யாரை ஏமாற்ற?

பழைய பாட்டைக் கேளுங்கள், நெஞ்சாரக் கேளுங்கள். ஆனால் அதைத் தடியாக்கி ஏழையின் முதுகிலே வீசாதீர்கள். தமிழைக் காக்க வேண்டுமா? பலகையிலே தமிழ் கேளுங்கள். பள்ளியிலே தமிழ் கேளுங்கள். ஆட்சியிலே தமிழ் கேளுங்கள். கூலிக்காரனுக்கு, அவன் எவ்வூரானாயினும், முழுக் கூலி கேளுங்கள். கேட்கவேண்டிய இடத்திலே கேட்கும் துணிவுதான் இனப்பற்று. கேட்க முடியாதவனை மிரட்டுவதற்குப் பெயர் அதுவன்று.