பொதிக்குதிரைக்கும் ஒரு பரிசுப் பந்தல்

ஈரோடு ஜில்லா அந்தியூரில் ஆண்டுதோறும் ஆடி மாதத்தில் குருநாதசுவாமி கோயில் திருவிழாவை ஒட்டிக் கூடும் குதிரைச் சந்தையை அறியாதார் சிலரே. கத்தியவார், மார்வார் ஜாதிக் குதிரைகள் அங்கு நிற்கும் அழகு காணத்தக்கதே. ஆயினும் காண்போர் கண் பெரும்பாலும் உயரம், நிறம், நடை இவற்றின் மேலேயே செல்கிறது.

போடிநாயக்கனூர்ப் பகுதியினராகிய நமக்கோ குதிரை அலங்காரப் பொருளன்று. குரங்கணி, அகமலைச் சரிவுகளில் மோட்டார்ப் பாதை எட்டாத இடங்களுக்கு அரிசியும் உரமும் ஏறுவதும், அங்கிருந்து காப்பியும் மிளகும் ஏலமும் இறங்குவதும் மட்டக்குதிரை, கோவேறு கழுதை இவற்றின் முதுகிலேயாம். அம்முதுகைச் சேணம் நீக்கிப் பார்த்தவர் நம்மில் எத்தனை பேர்? அறுவடைக் காலத்தில் சேணத்தின் கீழ்ப் புண்ணையும், பிளந்த குளம்பையும் யான் பன்முறை கண்டு வருந்தியதுண்டு.

பொதி சுமக்கும் பிராணிகளைப் பற்றிய 1965-ஆம் வருஷத்து விதிகளின்படி மட்டக்குதிரைக்கு 70 கிலோவும், கோவேறு கழுதைக்கு 200 கிலோவுமே உச்ச அளவு. நாளொன்றுக்கு 9 மணி நேரத்திற்கு மேலும், இடைவிடாது 5 மணி நேரத்திற்கு மேலும் வேலை வாங்கலாகாது. விதி இருந்தும், மலைப்பாதையில் தராசு வைத்து நிற்பார் யார்? தண்டனையால் ஆகாதது பரிசினால் ஆகக்கூடும் என்பதே என் அபிப்பிராயம்.

ஆகவே, வியாபாரிகளை விலக்கி, தாமே குதிரை வளர்த்து வேலை வாங்குவோருக்கென்று சிறு கண்காட்சிகளை வரிசையாக நடத்துவது நலம். ஏல அறுவடை ஓய்ந்தபின் மாசியில் போடியிலும், பங்குனியில் கம்பத்திலும், சித்திரையில் திருவிழாவை ஒட்டி வீரபாண்டியிலும் காலை வேளைகளில் அவற்றை நடத்தலாம். மூன்றிலும் பெற்ற மதிப்பெண்களைக் கூட்டியே முதற்பரிசு அளிக்கவேண்டும். அப்பொழுது, ஒரு நாளைக்கு மட்டும் தேய்த்துக் குளிப்பாட்டி நிறுத்துவது பலிக்காது; மூன்று மாதமும் பிராணியைப் பேணியே தீரவேண்டும்.

மதிப்பெண் 100-இல், புண்ணற்ற முதுகுக்கு 40, குளம்புக்கும் லாடத்திற்கும் 30, உடற்கட்டுக்கு 20, சேணத்தின் பொருத்தத்திற்கு 10 என வகுக்கலாம். உயரத்திற்கும் நிறத்திற்கும் சுழிக்கும் ஒன்றுமில்லை. பரிசில் பாதி, குதிரையை நடத்திச் செல்லும் ஆளைச் சேரவேண்டும். முதுகைக் காப்பதும் கெடுப்பதும் அவன் கையிலன்றோ இருக்கிறது?

ஓர் எச்சரிக்கை அவசியம். கிளாண்டர்ஸ் என்னும் கொடிய தொற்றுநோய் குதிரையினின்று மனிதரையும் பற்றுவது. ஆதலால் இரத்தப் பரிசோதனை செய்து கால்நடை மருத்துவர் அளித்த சான்றின்றி எப்பிராணியையும் பந்தலுக்குள் விடலாகாது.

ஜீப் வந்த காலத்தில் குதிரை எதற்கு என்று சிலர் கேட்கலாம். ஜீப் ஏறாத சரிவுகள் இன்னும் உள்ளன. அடைமழையில் மண் சரிந்து பாதை அறுந்தால், ஜீப் ஏறும் ஊருக்கும் பொதிக்குதிரையே துணை. அந்நாளில் அதன் முதுகு புண்ணாயிருப்பின் நஷ்டம் நம்முடையதே.

இதற்கு ஆகும் செலவு பெரிதன்று. ஒரு பந்தலும், தண்ணீர்த் தொட்டியும், மருத்துவர் ஒருவரும், தோட்டக்காரர்கள் பரிசாக அளிக்கும் சில மூட்டைக் கொள்ளும் போதும். கிராம அதிகாரிகள் தத்தம் எல்லையிலுள்ள பொதிக்குதிரைகளைக் கணக்கெடுத்து உதவுவாராயின், வரும் மாசியிலேயே போடியில் முதற்பந்தலை இடலாம்.