கடனுக்கு மேல் ஒரு கடன்

கடன்படும் நகரம் வட்டியை மட்டும் இறுப்பதில்லை. பத்திரம் வரையும் வழக்கறிஞர், அதனை விற்றுக்கொடுக்கும் வங்கி, ஆலோசனை கூறும் நிபுணர் அனைவருக்கும் அது ஊதியமளிக்கிறது. பெரும்பாலும் அவ்வூதியம் வாங்கிய கடனிலிருந்தே கழிக்கப்படுகிறது. ஆகவே வரியிறுப்பாளர் அதற்கும் சேர்த்தே வட்டி கட்டுகின்றனர். ஆனால் அதனை அவர்கள் கண்ணாற் காண்பதில்லை. கடனை நிருவகிக்கும் செலவும் மக்களின் கடனே என்பதும், அதனை மறைவில் வைக்கும் நகரம் ஈற்றில் தன்னாட்சியையே விலையாகக் கொடுக்க நேரும் என்பதும் நமது துணிபு. இதற்கு அமெரிக்காவின் டெட்ரொயிட் நகரமே சான்று.

2005ஆம் ஆண்டில் தன் ஓய்வூதிய நிதிகளின் குறையை நிரப்ப அந்நகரம் ஏறத்தாழ 144 கோடி டொலர் திரட்டியது. சட்டம் விதித்த கடன் எல்லை குறுக்கே நின்றது. என்ன செய்தார்கள்? பெயரளவிலான நிறுவனங்களை அமைத்து, அவற்றின் வாயிலாகச் சான்றிதழ்களை விற்றார்கள். அவற்றுள் 80 கோடி டொலருக்கு வட்டிமாற்று ஒப்பந்தமும் செய்தார்கள். அஃதாவது, நகரம் ஏறக்குறைய நூற்றுக்கு ஆறு என்ற நிலையான வட்டியை வங்கிகளுக்குக் கொடுக்கும். வங்கிகள் சந்தையின் மாறும் வட்டியை நகரத்துக்குக் கொடுக்கும். வட்டி ஏறுமென நம்பினார்கள். 2008இல் உலக நெருக்கடி வந்தது. வட்டி அடிமட்டத்துக்கு வீழ்ந்தது. காப்புறுதியென வாங்கியது பெருஞ்சுமையாயிற்று. 2009இல் அவ்வொப்பந்தத்தைக் காப்பதற்காகச் சூதாட்ட விடுதிகளின் வரி வருமானமும் ஈடுவைக்கப்பட்டது.

மாநகரசபை அன்று இதற்குக் கையுயர்த்தியது உண்மையே. ஆனால் விளங்காத ஒப்பந்தத்துக்கு அளிக்கும் சம்மதம் சம்மதமாகுமா? அக்கடனே சட்டத்துக்கு முரணானதென்று 2014இல் அந்நகரமே வழக்காடியது. வழக்கு இணக்கத்தில் முடிந்தமையால் நீதிமன்றம் அதில் தீர்ப்புக் கூறவில்லை.

அதற்கிடையில் வேறொரு விலையும் கொடுக்கப்பட்டுவிட்டது. நகரங்களுக்கு அவசரகால முகாமையாளரை நியமிக்கும் சட்டத்தை மிச்சிகன் மாநில மக்கள் 2012 நவம்பரில் வாக்களித்து நீக்கினர். அடுத்த மாதமே மாநிலச் சட்டசபை அத்தகைய வேறொரு சட்டத்தை நிறைவேற்றியது. 2013 மார்ச்சில் டெட்ரொயிட்டுக்கு முகாமையாளர் வந்தார்; மக்கள் தெரிந்த சபை ஒதுங்கி நின்றது. ஜூலை 18ஆம் நாள் நகரம் வங்குரோத்து நீதிமன்றம் புகுந்தது. முகாமையாளர் முன்னர் பங்காளராயிருந்த சட்ட நிறுவனமே நகரின் வழக்கை நடத்தியது. மற்றெந்த நிறுவனத்தைவிடவும் மிகுதியான கட்டணம் அதற்கே சென்றது. வழக்கறிஞர்க்கும் ஆலோசகர்க்கும் சென்ற தொகை ஏறத்தாழ 17.8 கோடி டொலர். சாதாரண நகர ஊழியரின் ஓய்வூதியமோ நூற்றுக்கு நாலரை வெட்டப்பட்டது. வாழ்க்கைச் செலவுப் படியும் போயிற்று. சட்டத்தொழில் புரியும் நாம் இதனை எழுதக் கூசுகிறோம். ஆயினும் எழுதாதிருத்தல் நேர்மையன்று.

இவ்விருளில் ஓர் ஒளிக்கீற்றும் உண்டு. வட்டிமாற்று ஒப்பந்தத்திலிருந்து விடுபட வங்கிகளுக்கு 16.5 கோடி டொலர் கொடுக்க முகாமையாளர் இணங்கினார். நீதிபதி ஸ்டீவன் ரோட்ஸ் 2014 ஜனவரியில் அதனை மறுத்தார். ஏப்ரலில் அதே விடயம் 8.5 கோடிக்குத் தீர்ந்தது. திறந்த மன்றத்தில் ஒருவர் 'ஏன்' என்று கேட்டதன் பயன் 8 கோடி டொலர்! ஆலோசகர்களின் கட்டணங்களைச் சோதிக்கவும் நீதிமன்றம் ஒருவரை நியமித்தது. 2005இலேயே மாநகரசபையில் அக்கேள்வி எழுந்திருந்தால்?

தொலைதூர நகரொன்றின் கதைதானே என்று நாம் வாளாவிருக்க முடியாது. 2023 மார்ச் முதல் 2025 மே மாதத் தேர்தல் வரை இந்நாட்டின் மிகப் பெரும்பாலான உள்ளூராட்சி மன்றங்கள் தெரிவுசெய்யப்பட்ட உறுப்பினரின்றி அதிகாரிகளாலேயே நடத்தப்பட்டன. தன்னாட்சி பறிபோவதன் பொருளை நம்மவர்க்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

மீண்டும் மன்றங்களில் அமர்ந்திருப்போருக்கு நாம் கூறுவது இதுதான்: கடனோடு வரும் கட்டணம் ஒவ்வொன்றையும் வரவுசெலவுத் திட்டத்தில் தனி வரியாக எழுதுங்கள். பெறுபவர் யார், எதற்காகப் பெறுகிறார் என்பதைத் தமிழில் அச்சிட்டு வெளியிடுங்கள். விளங்காத பத்திரத்துக்குக் கையுயர்த்தாதீர்கள். கணக்கைக் கைவிடும் சபை தன் அதிகாரத்தைக் காக்கமாட்டாது.