உப்பைக் குறைத்தாலும் குழம்பு ருசிக்குமா? மூளை சொல்லும் ரகசியம்!

அரியலூர் மாவட்டத்தில் கடல் கிடையாது. ஆனால், ஆலத்தியூரில் ஒரு வீட்டு அடுப்பில் கருவாட்டுக் குழம்பு கொதித்தால் அடுத்த தெருவுக்கும் சேதி போய்விடும். சோறு வடிப்பதற்குள் பசி வந்துவிடும்.

அதே வீட்டில் பிரஷர் மாத்திரை சாப்பிடும் தாத்தாவோ அப்பாயியோ இருந்தால் கதை வேறு. 'உப்பைக் குறைங்க' என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து அவர்களுக்குச் சாப்பாடு சப்பென்று ஆகிவிடும். நாலு வாய் சாப்பிட்டுவிட்டு கையைக் கழுவிவிடுவார்கள். இல்லையென்றால், யாரும் பார்க்காத நேரத்தில் ஊறுகாய் பாட்டிலைத் திறப்பார்கள். இரண்டுமே உடம்புக்கு ஆகாது.

உப்பும் குறைய வேண்டும், ருசியும் இருக்க வேண்டும். முடியுமா? ருசியை மூளை எப்படிப் புரிந்துகொள்கிறது என்று தெரிந்தால், ஓரளவு முடியும்.

அறுசுவையில் சேராத சுவை

இனிப்பு, புளிப்பு, கார்ப்பு, கசப்பு, உவர்ப்பு, துவர்ப்பு... நம் கணக்கில் சுவை ஆறு. ஆனால் கருவாட்டுக் குழம்பு, எலும்பு சூப், நன்றாகப் பழுத்த தக்காளியில் வைத்த ரசம் இவற்றைச் சாப்பிட்டதும் நாக்கில் படர்ந்து நிற்கும் ஒரு நிறைவு இருக்கிறதே, அது இந்த ஆறில் எதிலும் அடங்காது.

1908-ல் ஜப்பானியப் பேராசிரியர் கிகுனே இகேடா, கடற்பாசி போட்டுக் காய்ச்சிய சாற்றிலிருந்து அந்தச் சுவைக்கான பொருளைப் பிரித்தெடுத்தார். அது குளுட்டமேட். அந்தச் சுவைக்கு அவர் வைத்த பெயர் 'உமாமி'. தாய்ப்பாலில் தனித்துக் கரைந்திருக்கும் அமினோ அமிலங்களில் அதிகம் இருப்பதும் குளுட்டமேட்தான். நாம் பிறந்ததும் பழகும் சுவைகளில் இதுவும் ஒன்று.

நாக்கின் சுவை மொட்டுகளில் குளுட்டமேட்டை அடையாளம் காணும் ஏற்பிகள் இருப்பதை 2000-லும் அதற்கடுத்த சில ஆண்டுகளிலும் வெளியான ஆய்வுகள் உறுதிசெய்தன. அதன் பிறகே உமாமி ஒரு தனிச் சுவை என்பது பரவலாக ஏற்கப்பட்டது.

நாக்கு பாதி, மூக்கு பாதி

சுவைச் செய்தி நாக்கிலிருந்து நரம்புகள் வழியாக மூளைத்தண்டுக்கும், அங்கிருந்து தலாமஸுக்கும் போகிறது. அடுத்து இன்சுலா என்ற பகுதி 'இது என்ன சுவை, எவ்வளவு இருக்கிறது' என்று கணிக்கிறது. கடைசியாக, கண்களுக்கு மேலே நெற்றிக்குப் பின்னால் இருக்கும் ஆர்பிட்டோஃப்ரண்டல் கார்டெக்ஸ், 'இது எனக்குப் பிடித்திருக்கிறதா?' என்று முடிவு செய்கிறது. மூக்கிலிருந்து வரும் வாசனைச் செய்தியும் சேருவது இங்கேதான்.

வெறும் தண்ணீரில் குளுட்டமேட்டைக் கரைத்துக் குடித்தால் யாருக்கும் பெரிதாகப் பிடிக்காது. 2007-ல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மெக்கேப், ரோல்ஸ் இருவரும் வெளியிட்ட ஆய்வில், அந்தக் கரைசலோடு பொருத்தமான காய்கறி வாசனையும் சேர்ந்தபோது நிலைமை மாறியது. சுவை தனியாகவும் வாசனை தனியாகவும் எழுப்பிய துடிப்பைக் கூட்டினால் வருவதைவிட அதிகத் துடிப்பு, மூளையின் அந்தப் பகுதியில் தெரிந்தது.

ரோல்ஸ் குழுவின் 2008 ஆய்வு இன்னும் சுவாரஸ்யம். ஒரே கரைசல், ஆனால் வேறு வேறு வர்ணனை. 'செழுமையான, அருமையான சுவை' என்று படித்துவிட்டுக் குடித்தபோது, அதே மூளைப்பகுதி கூடுதலாகச் சிலிர்த்தது. 'இது உப்பில்லாத பத்தியச் சாப்பாடு' என்று சொல்லியே தட்டை நீட்டினால், பாதி ருசி அங்கேயே போய்விடும்!

கைவசம் இருக்கும் வழி

குளுட்டமேட் தனியாக இருப்பதைவிட, மீனிலும் இறைச்சியிலும் உள்ள இனோசினேட்டோடு சேரும்போது உமாமி பல மடங்கு கூடும். தக்காளியில் குளுட்டமேட் உண்டு, காய்ந்த நெத்திலியில் இனோசினேட் உண்டு. இரண்டும் ஒரே சட்டியில் கொதிக்கும் குழம்பு ஏன் ஊரையே கூப்பிடுகிறது என்பது இப்போது புரியும்.

1984-ல் ஜப்பானில் சூப் வைத்து நடத்திய சோதனையில், உமாமி சேர்த்தபோது உப்பைக் குறைத்தும் ருசி குறையவில்லை என்று சாப்பிட்டவர்கள் சொன்னார்கள். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவாக, அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதை எட்ட, நம் சமையலில் செய்யக்கூடியவை இவை:

* நன்றாகப் பழுத்த தக்காளியைப் பயன்படுத்துங்கள். விதையோடு இருக்கும் கொழகொழப்பை வழித்து எறிய வேண்டாம். சதைப்பகுதியைவிட அதில்தான் குளுட்டமேட் அதிகம்.
* சைவம் என்றால் காளான், பச்சைப் பட்டாணி சேர்க்கலாம்.
* கருவாட்டிலேயே உப்பு இருக்கிறது. உப்பு போடாமல் காயவைத்த நெத்திலியைக் கேட்டு வாங்குங்கள். உப்புக் கருவாடு என்றால் ஊறவைத்து, நன்றாக அலசி, குழம்பில் உப்பைக் குறையுங்கள். பிரஷர் உள்ளவர்களுக்கு அதுவும் எப்போதாவதுதான்.
* பூண்டு, சீரகம், மிளகு, கறிவேப்பிலை வாசனை தூக்கலாக இருக்கட்டும். சூடாகப் பரிமாறுங்கள்.
* உப்பைப் படிப்படியாகக் குறையுங்கள். சில வாரங்களில் நாக்கு பழகிவிடும்.

அஜினோமோட்டோ போடலாமா?

அதுவும் குளுட்டமேட்தான், சோடியத்தோடு சேர்ந்தது. சாப்பாட்டில் வரும் குளுட்டமேட்டின் பெரும்பகுதியைக் குடலே செலவழித்துவிடும். அது நேராக மூளைக்குப் போய்ச் சேருவதில்லை. சமையல் உப்பில் இருக்கும் சோடியத்தில் இதில் மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் வழக்கமான உப்பையும் போட்டு, மேலே இதையும் தூவினால் சோடியம் கூடத்தான் செய்யும். தக்காளியும் காளானும் கையில் இருக்கும்போது அது தேவையும் இல்லை.

ஒன்று மட்டும் முக்கியம். இவை எதுவும் மாத்திரைக்கு மாற்று அல்ல. டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள். சிறுநீரகப் பிரச்னை இருப்பவர்களுக்குத் தக்காளி எவ்வளவு சேர்க்கலாம் என்பதையும் டாக்டரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.